கல் குறைய மரம் கூடும்



ஓர் ஓவிய ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அவரிடம் தூரிகை பிடிக்கக் கற்றவர்கள் சம்பளத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்தார்கள். அந்த முதலின் வட்டியில் ஆண்டுதோறும் இந்தக் கூட்டம் நடக்கிறது. பின்னால் பெரிய கைகள் எதுவும் இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இன்று நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டு பேசப்போகிற ஒரு கலைப்படைப்பும் ஏறக்குறைய இப்படித்தான் நிறைவேறியது. ஆளுக்கு ஒரு மரத்துக்கான பணம் என்று சேர்த்துச் சேர்த்து.

பொதுவெளிக் கலையும் காலநிலை மாற்றமும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. அதைக் கேட்டதும் நினைவுக்கு வந்தது எந்தச் சிற்பமும் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர்தான் வந்தது.

2015 டிசம்பர் 1. அப்போது நாங்கள் சைதாப்பேட்டையில், அடையாற்றுக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தோம். அன்றைக்குத் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்ட தண்ணீரும் வழியெல்லாம் சேர்ந்த தண்ணீரும் ஆற்றில் இறங்கின. இரவு வாசற்படி ஏறிய தண்ணீர் விடிவதற்குள் கூடத்துக்கு வந்துவிட்டது. இரண்டு இரவுகள் மொட்டைமாடியில் இருந்தோம். மூன்றாம் நாள் இறங்கி வந்து பார்த்தால், நான்கு சுவரிலும் சுற்றி ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு. நூல் பிடித்து இழுத்த மாதிரி. என் நெஞ்சளவுக்கு இருந்தது. முப்பது வருடம் கோடு போடச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவ்வளவு நேரான கோட்டை ஒரு மாணவனும் போட்டதில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். கோடு போய்விட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் போய்விட்டது. அளந்துகூட வைக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரவில், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து கேட்டார்: "ஐயா, போன தடவை தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? கட்டில் மேல ஏத்துனா போதுமா?" நான் கையைத் தூக்கி, "இதுவரைக்கும். இல்லம்மா, இன்னும் கொஞ்சம் மேல" என்றேன். எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியது எனக்குத் தெரியவில்லை.

2015 வெள்ளத்தின்போது, அதே டிசம்பர் முதல் வாரத்தில், பாரிசில் உலக நாடுகளின் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. அங்கே பாந்தியான் மண்டபத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் 12 பனிப்பாறைத் துண்டுகள் கடிகார முகப்பில் மணிகள் இருக்கிற மாதிரி வட்டமாக வைக்கப்பட்டிருந்தன. மொத்தம் 80 டன். கிரீன்லாந்தின் பனிப் பெருந்தட்டிலிருந்து உடைந்து கடலில் மிதந்துகொண்டிருந்தவற்றை அள்ளி, குளிர்பதனப் பெட்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். செய்தவர்கள் ஐஸ்லாந்து-டென்மார்க் கலைஞர் ஒலாஃபுர் எலியாசனும், கிரீன்லாந்தில் பிறந்த நிலவியலாளர் மினிக் ரோசிங்கும். இதற்கு முந்தைய ஆண்டு கோபன்ஹேகனில் செய்தார்கள். 2018 டிசம்பரில் லண்டனில் டேட் மாடர்ன் கூடத்துக்கு வெளியே, தேம்ஸ் கரையில் செய்தார்கள்.

நான் நேரில் பார்த்ததில்லை. படங்களில் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் பனிக்கட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். காது வைத்துக் கேட்டால் சின்னச் சின்ன வெடிப்புச் சத்தம் வருமாம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிக்குள் சிறைப்பட்ட காற்றுக்குமிழ்கள் விடுபடும் ஓசை. காலநிலை பற்றிய எந்த வரைபடமும் செய்யாததை அந்தத் தொடுகை செய்தது. இதைக் கொண்டுவந்ததில் எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்றும் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். பாரிஸ் முயற்சிக்கு 30 டன் என்று சொன்னார்கள். தன் செலவைத் தானே சொல்லும் நேர்மையை மதிக்கிறேன்.

ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கட்டி உருகியது, தண்ணீர் வடிகாலில் போனது, சதுக்கம் காய்ந்தது. பார்த்தவர்கள் கனத்த மனதோடு வீட்டுக்குப் போனார்கள். அந்த மனதை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று அந்தப் படைப்பு சொல்லவில்லை. உருகுவது அதன் வேலை. பார்ப்பது நம் வேலை. அதற்கு மேல் நம் கைக்கு அங்கே எதுவும் மிச்சம் இல்லை. எங்கள் தெருவில் கோட்டை அழித்த எனக்கு இன்னொரு துக்கம் தேவைப்படவில்லை. துக்கம் போதுமான அளவு இருந்தது. என்ன செய்வதென்பதுதான் தெரியாமல் இருந்தது.

என் மனதில் நின்றது வேறொருவர் செய்த வேலை.

2007ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரத்தின் புரூக்லின் பகுதியிலும் மன்ஹாட்டனின் தென்கோடியிலும் ஒரு பெண் ஒரு சிறு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். விளையாட்டு மைதானத்தில் எல்லைக்கோடு போட வைத்திருக்கும் சக்கர வண்டிதான். அதில் நீலச் சுண்ணப்பொடி. வண்டி போகிற வழியெல்லாம் நடைபாதையில், புல்வெளியில், தெருக்குறுக்கில் நீலக்கோடு விழுந்தது. அவர் பெயர் ஈவ் மோஷர். அந்தக் கோடு கடல் மட்டத்திலிருந்து 10 அடி உயரத்தைக் குறித்தது. பெரும்புயல் ஒன்று வந்தால் தண்ணீர் எதுவரை வரக்கூடும் என்று அறிவியலாளர்கள் கணித்திருந்த மட்டம் அது. கடல் மட்டம் உயர உயர, நூறாண்டுக்கு ஒருமுறை என்று எண்ணியிருந்த வெள்ளம் இனி அடிக்கடி வரும் என்பது அவர்கள் கணிப்பு. அறிக்கை அலமாரியில் கிடந்தது. மோஷர் அதைத் தெருவில் இறக்கினார். ஏறத்தாழ 70 மைல் நீளத்துக்கு.

கோடு போட்டதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் நின்று நின்று போனது. தெருவில் எவராவது "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசினார். நீங்கள் நிற்கிற இடம் கோட்டுக்குக் கீழே இருக்கிறது என்று ஒருவரிடம் தெருவில் வைத்துச் சொல்வது லேசான காரியம் இல்லை. அவருக்குக் கோபம் வரும், பயம் வரும், வீட்டு விலை குறைந்துவிடும் என்ற கவலை வரும். அதையெல்லாம் கேட்டுவிட்டு அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். கலைஞருக்கு இப்படியொரு உடலுழைப்பும் பொறுமையும் வேண்டியிருக்கிறது என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

மழை பெய்தால் பொடி கரைந்துபோகும். அதை ஒரு குறையாகச் சொன்னவர்களிடம் என் அத்தையைப் பற்றிச் சொல்வேன். எண்பது வயதுவரை விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போட்டவர். மிதிபடும், காற்றில் போகும், எறும்பு தின்னும். மறுநாள் மறுபடியும் குனிவார். கோலம் வாசலில் தங்கியதில்லை, அவர் கைப்பழக்கத்தில் தங்கியது. தெருவில் பொடியால் கோடு இழுப்பதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் யார்?

2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியது. கடல் நகரத்துக்குள் ஏறியது. சுரங்க ரயில் பாதைகள் நிரம்பின. ரெட் ஹுக் போன்ற தாழ்வான பகுதிகள் முழுகின. நகரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல இடங்களில் தண்ணீர் மோஷர் ஐந்தாண்டுக்கு முன் இழுத்த கோட்டைத் தொட்டது, சில இடங்களில் தாண்டியது. அவர் சொன்னது பலித்துவிட்டது என்று செய்திகளில் எழுதினார்கள். பலித்ததில் அவருக்கு மகிழ்ச்சி இருந்திருக்க முடியாது. அதற்குப் பின் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. வண்டியை மற்றவர்கள் கையில் கொடுத்தார். 2013இல் மயாமியிலும் 2014இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலிலும் அந்தந்த ஊர்க்காரர்களே தங்கள் தெருவின் கோட்டை நடந்து இழுத்தார்கள். நம் வீட்டுக்கு முன்னால் அயலூர்க் கலைஞர் கோடு போடுவதற்கும், நாமே போடுவதற்கும் இடையில் எவ்வளவோ தூரம் இருக்கிறது.

இனி காஸெல் நகரத்துக்கு வருகிறேன். இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

ஜெர்மனியின் நடுப்பகுதியில் உள்ள நகரம் காஸெல். கிரிம் சகோதரர்கள் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய ஊர். ரயில் எஞ்சினும் பீரங்கி வண்டியும் செய்த தொழிற்சாலைகள் இருந்ததால் 1943 அக்டோபர் 22 இரவு குண்டு மழைக்கு ஆளானது. ஒரே இரவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் செத்தார்கள். பழைய நகரம் எரிந்தே போயிற்று. போருக்குப் பின், கார்கள் தடையில்லாமல் ஓடும் அகலச் சாலைகளோடு சிமெண்டும் தாருமாக ஊரைத் திரும்பக் கட்டினார்கள். 1955இல் ஆர்னால்ட் போடே என்ற ஓவிய ஆசிரியர் அங்கே டாக்குமென்டா என்ற கலைக் கண்காட்சியைத் தொடங்கினார். குண்டுவீச்சில் சிதைந்த ஃபிரிடெரிசியானும் அருங்காட்சியகக் கட்டடத்திலேயே தொடங்கினார். இன்று உலகத்தின் பெரிய கலைக் கண்காட்சிகளில் ஒன்று அது.

1982இல் ஏழாவது டாக்குமென்டா. யோசெப் பாய்ஸை அழைத்திருந்தார்கள். போரில் விமானப்படையில் இருந்தவர். பிறகு சிற்பி, ஆசிரியர். ஜெர்மனியின் பசுமைக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஒவ்வொரு மனிதரும் கலைஞர், சமூகமே நாம் சேர்ந்து செதுக்கும் சிற்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இந்தக் கருத்தை வெறும் பேச்சாகக் கேட்டால் எனக்கும் சலிப்பு வரும். அதை அவர் ஒரு லாரிச் சுமையாக மாற்றிய இடம் காஸெல்.

அருங்காட்சியகத்துக்கு முன்னால் பெரிய திடல். அங்கே 7000 பசால்ட் கற்களைக் கொண்டுவந்து குவித்தார். எரிமலைக் குழம்பு குளிரும்போது தானாகவே பட்டை பட்டையாகத் தூண் வடிவில் பிளக்கும் கருங்கல் அது. செதுக்க வேண்டியதில்லை. குவியல் ஆப்பு வடிவத்தில் இருந்தது. அந்த ஆப்பின் கூர்முனைக்கு எதிரே 1982 மார்ச் 16 அன்று தன் கையால் ஓர் ஓக் மரக்கன்றை நட்டு, பக்கத்தில் ஒரு கல்லை நட்டார். அப்போது அவருக்கு வயது 60.

விதி ஒன்றுதான். குவியலிலிருந்து ஒரு கல்லை எடுக்க வேண்டுமானால் ஊரில் எங்காவது ஒரு மரம் நட்டாக வேண்டும். கல் அந்த மரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும், தரைக்கு மேல் நான்கடி உயரத்துக்கு. வேறு எந்த வழியிலும் கல்லை அகற்றக் கூடாது.

இதன் நுட்பத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஊருக்கு நடுவே, எல்லோரும் போகிற வருகிற இடத்தில், கரடுமுரடான கற்குவியல். பார்க்க நன்றாக இல்லை. ஊர்க்காரர்களுக்கு எரிச்சல். வண்டி நிறுத்தும் இடம் போய்விட்டதே என்று சண்டை. அந்த எரிச்சலைப் போக்க ஒரே வழி, மரம் நடுவது. குவியல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் ஊர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம், அறிக்கை வெளியிட வேண்டாம். கல் குறையக் குறைய மரம் கூடியிருக்கிறது என்று பொருள். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். பொதுவெளிக் கலையில் இதைவிடத் தெளிவான ஒரு பொறியமைப்பை நான் அறிந்ததில்லை.

திட்டத்தின் முழுப் பெயரில் ஒரு சொல் விளையாட்டு உண்டு. நகர நிர்வாகம் என்பதற்கான ஜெர்மன் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றினால் நகரைக் காடாக்குதல் என்று பொருள் வந்துவிடும். நகராட்சிக்குப் பதில் நகரக்காட்சி என்று நாம் சொல்லிப் பார்க்கலாம். சரியான மொழிபெயர்ப்பு இல்லை, ஆனால் ஒலி புரியும்.

எங்கே நடுவது என்பதை பாய்ஸ் தீர்மானிக்கவில்லை. குடியிருப்பவர்கள், பள்ளிகள், மழலையர் பள்ளிகள், வட்டார மன்றங்கள், சங்கங்கள் எல்லோரும் இடம் சொன்னார்கள். அவர் தொடங்கியிருந்த சுதந்திரப் பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தின் சிறு அலுவலகம் ஒன்று அந்த ஊரில் இருந்துகொண்டு ஒவ்வோர் இடத்தையும் போய்ப் பார்த்தது. அடியில் தண்ணீர்க் குழாய் போகும், மின்கம்பி போகும். கடைக்காரர் பலகை மறைகிறது என்பார். மேல்மாடிக்காரர் வெளிச்சம் போகிறது என்பார். ஒரு மரத்துக்காக ஒரு தெரு கூடிப் பேசியாக வேண்டியிருந்தது. ஏழாயிரம் தடவை. படைப்பின் பெரும்பகுதி அந்தப் பேச்சில்தான் நடந்தது என்பது என் எண்ணம். அருங்காட்சியகத்தில் வைக்க முடியாத பகுதி அது.

பணத்துக்கு வருகிறேன். ஒரு மரமும் கல்லும் சேர்த்து 500 மார்க். நியூயார்க்கின் டியா கலை அறக்கட்டளை தொடக்கத்துக்கு உதவியது. பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு மரச் சான்றிதழ் கிடைத்தது. போதவில்லை. ரஷ்யப் பேரரசன் கொடுங்கோலன் இவானின் மணிமுடியைப் போலவே தங்கத்தில் செய்த ஒரு முடி நன்கொடையாக வந்தது. 1982 ஜூன் 30 அன்று அதே திடலில், கூட்டம் பார்க்க, எதிர்ப்புக் குரல்களுக்கு நடுவே, பாய்ஸ் அதை உருக்கி ஒரு முயலாக வார்த்தார். அமைதியின் முயல். விற்ற பணம் மரங்களுக்குப் போனது. ஜப்பானிய விஸ்கி விளம்பரம் ஒன்றிலும் நடித்துப் பணம் கொண்டுவந்தார். அது அவருக்கு ஏற்றதுதானா என்று கேட்பவர்கள் உண்டு. கன்றுக்குப் பணம் குறைந்த மாலையில் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

எல்லாமே ஓக் இல்லை. மண்ணும் இடமும் பார்த்து பூ மணம் வீசும் லிண்டன், மேப்பிள், பிளேன், ஆஷ், குதிரைக் கஷ்கொட்டை என்று பலவும் நட்டார்கள். பாதிக்கு மேல் ஓக்.

1986 ஜனவரி 23 அன்று பாய்ஸ் இறந்துபோனார். அப்போது ஏறத்தாழ 5500 மரங்கள் நடப்பட்டிருந்தன. திடலில் இன்னும் ஆயிரத்து ஐந்நூறு கற்கள் கிடந்தன. கலைஞர் போனபின் அவற்றை அள்ளிக் கொண்டுபோய் வேறெங்காவது கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. ஊர் நட்டுக்கொண்டே போனது. 1987 ஜூனில், எட்டாவது டாக்குமென்டா தொடங்கிய நாளில், அவர் மகன் வென்சல் கடைசி மரத்தை நட்டார், முதல் மரத்துக்குப் பக்கத்திலேயே. திடல் வெறுமையாயிற்று.

ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் ஜெர்மானியரை வாட்டிய கவலை அமில மழை. காடுகள் பட்டுப்போகின்றனவே என்ற அச்சம். புவி வெப்பமாதல் என்பது அன்றைக்குத் தெருப்பேச்சு ஆகியிருக்கவில்லை. காலநிலைக்காக நட்டார் என்று இன்றைக்கு எழுதுவது சரியில்லை. ஆனால் தாரும் சிமெண்டும் கொதிக்கும் இன்றைய கோடையில் அந்த மரங்களின் நிழலில் நடப்பவர்களுக்கு இந்த வரலாற்றுத் திருத்தம் தேவைப்படாது. நாற்பதாண்டு மரம் வேரிலிருந்து இழுத்து இலை வழியே விடும் ஈரம் ஒரு தெருவைக் குளிர்விக்கிறது. நட்டவர்களின் பிள்ளைகள் அதை அனுபவிக்கிறார்கள். மரங்கள் இப்போது நகரத்தின் பண்பாட்டுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன. எந்த நிர்வாகத்தை அன்று வம்புக்கு இழுத்தாரோ, அதே நிர்வாகத்தின் ஊழியர்கள் இன்று அவற்றைப் பராமரிக்கிறார்கள்.

கல்லும் மரமும் சேர்ந்து நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நட்ட அன்று கன்று ஒல்லியான குச்சி. கல்தான் கண்ணில் படும். பத்து வருடத்தில் மரம் கல்லை மிஞ்சிவிடும். இன்று போனால் கல் ஏதோ மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் கிழவர் மாதிரி இருக்கிறது. வளராத ஒன்றைப் பக்கத்தில் வைத்தால்தான் வளர்கிற ஒன்றின் வளர்ச்சி தெரியும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

தமிழில் நாம் நாற்றையும் நடுகிறோம், மரத்தையும் நடுகிறோம், கல்லையும் நடுகிறோம். ஒரே வினைச்சொல். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு நட்ட கல் நடுகல். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்தோடு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. போனவர் பெயரைச் சொல்ல அந்தக் கல். காஸெலின் கல் வரப்போகிறவர்களுக்காக நட்டது. முதன்முதலில் அந்தப் படங்களைப் பார்த்தபோது, இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. மரத்தோடு கல்லை நடும் கையை எனக்குத் தெரியும்.

இதே வழியில் போன இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்லாந்தில் பின்ஸியோ என்ற இடத்தில் சரளைக்கல் தோண்டிப் பாழாக்கிய நிலத்தில், கலைஞர் ஆக்னஸ் டெனிஸ் 1992 முதல் 1996 வரை ஒரு செயற்கைக் குன்றை எழுப்பி, 11,000 பேரைக் கொண்டு 11,000 பைன் மரங்களை நட்டார். அன்னாசியின் மேல் கண்கள் சுழல்கிற கணித ஒழுங்கில். ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழ். மரம் அவர் வாரிசுகளுக்குப் போகும், 400 ஆண்டுகளுக்கு. எந்த அரசும் நானூறு வருடத்துக்குத் திட்டம் போடுவதில்லை. ஒரு பாட்டி பேத்தியின் பெயருக்கு ஒரு மரத்தை எழுதிவைப்பதில் அந்தத் திட்டம் வந்துவிடுகிறது.

பொறியாளராக இருக்கும் என் தம்பி கேட்டான்: "அண்ணே, ஏழாயிரம் மரம் எத்தனை டன் கரியமிலத்தைப் பிடிக்கும்? ஒரு அனல்மின் நிலையம் விடுற புகைக்கு அது எந்த மூலைக்கு?" நியாயமான கேள்வி. எந்த மூலைக்கும் வராது. நிலக்கரியை நிறுத்துவது அரசுகளும் தொழில்களும் எடுக்க வேண்டிய முடிவு. அதை ஒரு சுவரோவியத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்த முடிவை எடுக்கவைக்க ஊரில் மனிதர்கள் கூட வேண்டும். அறிமுகமில்லாதவர்கள் ஒரு பொதுக் காரியத்துக்காக உட்கார்ந்து பேசி, சண்டைபோட்டு, ஒத்துப்போய், செய்துமுடித்த அனுபவம் அவர்களுக்கு இருக்க வேண்டும். காஸெல் ஊருக்கு அந்தப் பயிற்சி ஏழாயிரம் முறை கிடைத்தது.

நம் பள்ளிச் சுவர்களில் உலக உருண்டை அழுவதுபோல, மெழுகுவர்த்தியாய் உருகுவதுபோல வரைகிறார்கள். என் மாணவர்களும் வரைந்தார்கள், நானே வரையச் சொல்லியிருக்கிறேன். இப்போது வேண்டாம் என்கிறேன். பிள்ளைக்குக் குற்ற உணர்வு வருகிறது, ஆனால் யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரிவதில்லை. எண்ணூரில் செய்தது வேறு மாதிரி. 2017இல் பாடகர் டி. எம். கிருஷ்ணா 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினார், கபேர் வாசுகி எழுதியது. சாம்பல் கழிவு படிந்த எண்ணூர்க் கழிமுகத்திலேயே நின்று பாடினார். பாட்டு ஒரு சொல்லைக் கையிலெடுத்தது. புறம்போக்கு. நாம் வசவாகப் பேசும் சொல். ஊருக்குப் பொதுவான ஏரி, கழுவெளி, மேய்ச்சல் நிலம் எல்லாம் புறம்போக்கு என்று அது நினைவூட்டியது. வெள்ளம் வந்தால் தண்ணீர் தங்க வேண்டிய இடம் அதுதான். எந்த நிலம், எந்த ஆறு, எதைக் கேட்க வேண்டும் என்று கேட்டவருக்குத் தெரிந்தது. ஒரு சொல்லைத் திருப்பிக் கொடுப்பதும் நடவு வேலைதான்.

இந்தப் பேச்சைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, பேசிவிட்டு வீட்டுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய மாணவர்கள் சிலரோடு சைதாப்பேட்டையில் நாங்கள் இருந்த தெருவுக்குப் போனேன். 2015 கோடு எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டோம். எல்லோரும் கையைத் தூக்கிக் காட்டினார்கள், என்னைப் போலவே. ஒருவர் இடுப்பளவு என்றார், பக்கத்து வீட்டுக்காரர் கழுத்தளவு என்றார். மூன்றாவது வாரம், துணி தேய்த்துக் கொடுக்கும் ஓர் அம்மா தன் ஒற்றை அறையில் சுவர் அலமாரியின் மரக்கதவைத் திறந்து காட்டினார். வெளிப்பக்கம் பச்சை வண்ணம் அடித்திருக்கிறது. உட்பக்கம் யாரும் தொடவில்லை. மரத்தில் ஊறிய சேற்றுத் தடம் அப்படியே இருந்தது. "இதுவா சார்? இது வேணும்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ காட்டியிருப்பேனே" என்றார். தரையிலிருந்து 4 அடி 3 அங்குலம்.

ஒரு தடம் கிடைத்தால் போதும். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயை இரண்டு பக்கமும் பிடித்து மட்டம் பார்ப்பார்களே, அதைக் கொண்டு அந்தக் கதவிலிருந்து தெருவின் எல்லா வீட்டுக்கும் மட்டத்தைக் கொண்டுபோய்விடலாம். ஒரு கொத்தனார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சம்மதிக்கும் வீடுகளின் வெளிச்சுவரில் கோடு போடப்போகிறோம். சம்மதிக்காதவர்களிடம் வற்புறுத்தப்போவதில்லை, ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பேசப்போகிறோம். இதுவரை பதினெட்டு வீடு சரி என்றிருக்கிறது, ஒன்பது வீடு முடியாது என்றிருக்கிறது. எதிர்வீட்டுப் பெண் முதல் ஆளாகச் சரி என்றார். அந்தக் கைக்குழந்தை இப்போது ஓடியாடுகிறது. நாங்கள் அளக்கும்போது குழாயின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள அடம்பிடித்தது.

சுண்ணாம்பும் நீலமும் வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளையடிக்கும்போது கலக்கிற அதே நீலம். அந்தத் தெருவில் 2015இல் இருந்தவர்கள் இந்த அரங்கில் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். உங்கள் வீட்டில் எதுவரை வந்தது என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறோம்.